மெழுகிலிருந்து நான் சீவிய ஆறு துண்டுகள்

அந்த ஆறு துண்டுகளை நான் சீவாமல் இருந்திருந்தால், மல்லிகா அக்காவின் ஜீன் பரிசோதனைக்குத் திசு மிச்சம் இருந்திருக்குமா? நான்கு வருடமாக என்னிடம் இதற்குப் பதில் இல்லை. சில நாள் நிச்சயம் இருந்திருக்கும் என்று தோன்றும். சில நாள், எடுத்ததே நூல் மாதிரி இரண்டு இழை, அதில் என்ன மிஞ்சியிருக்கப்போகிறது என்று என்னையே தேற்றிக்கொள்வேன். தேறுவதற்காகத்தான் அப்படி நினைக்கிறேனோ என்ற சந்தேகம் உடனே வந்துவிடும்.

பணி ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயதில்லை. முப்பத்திரண்டுதான். ஆனாலும் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருடம் வேலை செய்து, மகள் பிறந்ததும் விட்டவள்; திரும்பப் போகப்போவதில்லை. அங்கே என்னுடன் வேலை பார்த்த நிஷா போன மாதம் பேசினாள். ஸ்லைடுகளைத் தானே படம் எடுத்து, புற்றுக் கட்டியில் ரத்தக் குழாய்கள் எத்தனை என்று தானே எண்ணித் தரும் இயந்திரம் வந்திருக்கிறதாம்.

"நாம ஒரு ஸ்லைடுக்கு அரை மணி நேரம் கண்ணு அவிஞ்சு எண்ணுவோம் இல்லக்கா? இது டீ ஆறதுக்குள்ள முடிச்சிடுது. நீங்க பழைய கதையெல்லாம் எழுதிக் குடுங்க. புதுசா வர்ற பொண்ணுங்க படிக்கட்டும்" என்றாள். அப்புறம், "செவுத்துல ஒட்டியிருக்குதே, சின்ன திசு ரூல், அத இங்க எல்லாரும் கவிதா அக்கா ரூல்னுதான் சொல்றாங்க. எதுக்கு அத எழுதினீங்கன்னு கேக்கறாங்க" என்றும் சொன்னாள்.

பழைய கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சுவரொட்டியைத் தாண்டி எதையும் எழுத முடியவில்லை.

இரண்டு வருட டிப்ளமோ படித்துவிட்டு வந்தேன். படித்ததில் பாதி, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பயன்படாது என்று தெரிந்தது. மீதியைக் கை கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

எங்கள் வேலை என்னவென்று வெளியே யாருக்கும் தெரியாது. ரத்தம் எடுப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். நாங்கள் உள்அறையில் இருப்பவர்கள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சிறு சதை ஃபார்மலின் பாட்டிலில் மிதந்துகொண்டு வரும். அதைப் பதப்படுத்தி, நீரை வெளியேற்றி, உருக்கிய மெழுகில் பதித்து ஆற விடுவோம். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு மெழுகு வில்லை கிடைக்கும். அதற்குப் பெயர் பிளாக். பிளாக்கைப் பனிக்கட்டி மேல் வைத்துக் குளிரச் செய்து, மைக்ரோடோம் என்ற சீவும் இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று மைக்ரான் கனத்தில் ஒரு சீவல் கத்தி மேல் வந்து விழும். அடுத்தடுத்த சீவல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நாடாவாக நீளும். அந்த நாடாவை மயிர்க்குச்சியால் ஏந்தி வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் பிரிந்ததும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். அந்த நேரம் மூச்சு விட்டால்கூட சீவல் பறந்துவிடும். நான் இன்றும் என் மகளுக்கு நகம் வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். பிளாக்கை மாட்டியதும் முதல் சுற்றிலேயே திசு வராது. மேலே இருக்கும் மெழுகைச் சீவித் தள்ள வேண்டும், திசுவின் முழு முகம் தெரியும் வரை. ஒருமுறை கழற்றிவிட்டு அதே பிளாக்கை மறுபடி மாட்டினால், எவ்வளவு கவனமாக மாட்டினாலும் மயிரிழை கோணம் மாறியிருக்கும். முகம் மறுபடி சமமாக வருவதற்குப் பத்து இருபது சுற்று வீணாகும். பெரிய திசுவானால் பரவாயில்லை. ஊசி போட்டு எடுத்த நூல் இழையானால், அந்த இருபது சுற்றில்தான் பாதித் திசு இருக்கும். அதனால் சின்னத் திசுவை ஒரே உட்காரலில் சீவ வேண்டும், நடுவில் கழற்றக் கூடாது. முதல் வருடமே எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லவே முடியாது.

சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டாக்டர் தமயந்தி. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் மைக்ராஸ்கோப் பார்ப்பார். திட்டவே மாட்டார். சீவலில் மடிப்பு விழுந்திருந்தால், "ஏம்மா, கொசுவம் வச்சுக் கட்டி அனுப்பியிருக்கியே, கல்யாணத்துக்குப் போகுதா?" என்பார். சிரித்துக்கொண்டே அந்த ஸ்லைடைக் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்து வைத்த ஸ்லைடை நாமாகப் போய் எடுத்துக்கொண்டு மறுபடி செய்ய வேண்டும். எந்த நோயாளியையும் நம்பர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். "மாகறல் பெரியவர்", "தென்னேரி டீச்சர்" என்றுதான் சொல்வார்.

மேடத்துக்கு ஓர் ஆசை இருந்தது. நுரையீரல் புற்றுக் கட்டிகளில் ரத்தக் குழாய் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேர் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ரத்தக் குழாய்களின் சுவர் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி நிறமேற்றிய ஸ்லைடு. நீல நிறச் செல்களுக்கு நடுவே பழுப்பு வளையங்கள், கோடுகள், சில இடத்தில் வெறும் புள்ளிகள்.

"கட்டி சும்மா வளந்துடாது கவிதா. கடுகு அளவுக்கு மேல போனா அதுக்கும் சாப்பாடு, காத்து எல்லாம் வேணும். மூச்சு முட்டும்போது அந்த செல்லு ஒரு புரதத்தை வெளிய அனுப்பும். அதைக் கேட்டுட்டுப் பக்கத்துல இருக்கற குழாய் கிளை விட்டு உள்ள வரும்."

"அந்தப் புரதம் எங்கேர்ந்து வருது மேடம்? கட்டிக்குன்னு தனி ஜீனா?"

"இல்ல. அந்த ஜீன் உன் உடம்புலயும் என் உடம்புலயும் எல்லா செல்லுலயும் இருக்கு. இருக்கறது வேற, பேசறது வேற. நமக்கு அது தேவைப்படறப்ப மட்டும் பேசிட்டு அடங்கிடும். இங்க அடங்காம கத்திக்கிட்டே இருக்கு."

எந்தக் கட்டியில் அந்த ஜீன் அதிகம் பேசுகிறதோ, அங்கே குழாய்களும் அதிகமா? அதுதான் மேடத்தின் கேள்வி. ஒரு பக்கம் அந்தப் புரதத்துக்கு நிறமேற்றிப் பார்ப்போம். இன்னொரு பக்கம் குழாய்களை எண்ணுவோம். குறைந்த பெரிதாக்கத்தில் ஸ்லைடு முழுக்க உலாவி, குழாய் நெருக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே பெரிதாக்கி எண்ண வேண்டும். நானும் மேடமும் தனித்தனியாக எண்ணிச் சீட்டில் எழுதி, கடைசியில் திறந்து ஒப்பிடுவோம். நான் பதற்றத்தில் தூரத்துப் புள்ளியையெல்லாம் சேர்த்துவிடுவேன். "என் சீட்டுல எட்டு, உன் சீட்டுல பதினெட்டு. பக்கத்து வீட்டுக்காரங்களையும் சேர்த்து எண்ணிட்டியா?" என்பார். மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம்.

இந்த எண்ணிக்கையை வைத்து யாருக்கும் மருந்து எழுத முடியாது என்பதையும் அவரே சொல்லியிருந்தார். தெரிந்துகொள்வதற்காக மட்டும். அதனால் பெரிய அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டிகளைத்தான் முதலில் சேர்த்தோம். ஊசியால் எடுத்த சின்னத் திசுவானால் தன்னைக் கேட்காமல் ஆய்வுக்குச் சீவக் கூடாது என்பது அவர் உத்தரவு. அடையாளத்துக்காக, நுரையீரல் என்று எழுதி வரும் ஒவ்வொரு தாளிலும் நான் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டிவிடுவேன். எதையும் தவறவிடக் கூடாது என்று எல்லாவற்றிலும் ஒட்டினேன். அதில்தான் ஆரம்பித்தது.

மல்லிகா அக்காவின் பாட்டிலைக் கொண்டுவந்தவர் அவர் கணவர் ஏகாம்பரம். ஸ்கேன் பார்த்து ஊசியால் திசு எடுத்த அறையிலிருந்து எங்கள் ஜன்னல் வரை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்தார்.

"ஆட்டாம எடுத்துக்கினு வந்துட்டேம்மா. ஆடினா ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுண்ணா. குடுங்க."

அக்கா புடவைக் கடைகளுக்கு முந்தானையில் குஞ்சம் முடிந்து கொடுப்பவர். புகையை மோந்தது அடுப்படியில் மட்டும்தான். இருமல் ஆறு மாதமாக. இதெல்லாம் தாளில் இருந்தது. நுரையீரல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் நான் பச்சைப் புள்ளியை ஒட்டினேன்.

பிளாக் தயாரான நாள், கருட சேவைக்கு முந்தைய நாள். மறுநாள் ஊரில் பாதித் தெருவை மறித்துவிடுவார்கள், ஆட்கள் வர முடியாது. இருக்கும் பிளாக்கையெல்லாம் அன்றே சீவி முடிக்க வேண்டியிருந்தது. மேடம் விடுப்பு. சேவைக்கு வந்த உறவினர்களால் அவர் வீடு நிறைந்திருந்தது. எனக்கோ நாள் தள்ளிப்போய் ஐம்பது நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மெழுகைக் கரைக்க நாங்கள் பயன்படுத்தும் சைலீன் திரவத்தின் வாடை அடித்தாலே குமட்டியது. சீக்கிரம் முடித்துவிட்டு அந்த அறையை விட்டு வெளியே போக வேண்டும் என்று அன்று நினைத்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அக்காவின் பிளாக்கை மாட்டினேன். முகம் எடுத்தேன். அறிக்கைக்கு வேண்டிய முதல் ஸ்லைடுகள் அழகாக வந்தன. பிளாக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். தாளைத் திருப்பும்போதுதான் பச்சைப் புள்ளி கண்ணில் பட்டது. ஆய்வுக்கான நிறமேற்றம் அன்று மாலை. விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. மேடத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டு நாள் காத்திருந்தால் எதுவும் கெட்டிருக்காது. பிளாக் வருடக் கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால், "புள்ளி வச்சும் செய்யாம விட்டுட்டியா?" என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்தேன். அப்படி யாரும் என்னைக் கேட்டதே இல்லை.

மறுபடி மாட்டினேன். முகம் சாய்ந்திருந்தது. சுற்றினேன். ஒரு ஓரம் மட்டும் வந்தது. இன்னும் சுற்றினேன். இருபது சுற்றுக்குக் குறையாது. முழு முகம் வந்ததும் ஆறு சீவல் எடுத்தேன். குழாய்ச் சுவருக்கு இரண்டு, அந்தப் புரதத்துக்கு இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு. ஆறாவது சீவலில் திசு ஒரு கீற்றாகத்தான் இருந்தது. பார்த்தேன். பெயர் எழுதி அடுக்கிவிட்டேன்.

புற்று என்று அறிக்கை போனது. இரண்டு வாரத்தில் சென்னையிலிருந்து அவருக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர் பிளாக்கைக் கேட்டார். ஜீன் பரிசோதனைக்கு. புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த வகைப் புற்று வந்தால், கட்டியின் ஒரு குறிப்பிட்ட ஜீனில் மாற்றம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால் தினமும் ஒரு மாத்திரை. நோயை அடியோடு தீர்க்காது. ஆனால் பலருக்குச் சில காலமாவது மூச்சை லேசாக்கித் தரும். அனுப்பும் தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். போதிய கட்டித் திசு இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேடம் அந்த பிளாக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை சீவின?"

"ஆய்வுக்கு ஆறு மேடம்."

"கழட்டிட்டு மறுபடி மாட்டினியா?"

"ஆமா மேடம்."

சம்மணத்தைப் பிரித்துக் காலைக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு பச்சைப் புள்ளி அட்டையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "புள்ளி என் ஆசை. மாட்டினது உன் கை. ரெண்டையும் பதிவேட்டுல எழுது" என்றார். எழுதினேன். நிறமேற்றிய சீவல்களைச் சுரண்டி அனுப்பிப் பார்த்தார். பலிக்கவில்லை. அன்று மாலையே நான் எழுதிச் சுவரில் ஒட்டிய தாள்தான் நிஷா கேட்ட ரூல்: ஊசித் திசுவானால் ஒரே உட்காரல், முதல் ஸ்லைடோடு நிறமேற்றாத பத்து ஸ்லைடு ஜீன் பரிசோதனைக்கு எடுத்து வை, ஆய்வுக்கு இல்லை.

ஏகாம்பரம் அண்ணனை வரச் சொல்லி மேடமே சொன்னார். நான் முகமூடியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"எடுத்ததே கொஞ்சம்தான். அதுல எங்க கையிலயும் வீணாயிடுச்சு. அது எங்க தப்பு."

அவர் மேசையில் இருந்த பிளாக்கைப் பார்த்தார். "தெரிஞ்சா செய்வீங்க? வுடுங்கம்மா. இப்ப இன்னா செய்யணும், அத சொல்லுங்க."

செய்ய முடிந்ததெல்லாம் செய்தார்கள். அதற்குள் அக்காவின் நெஞ்சில் நீர் சேர்ந்து, மறுபடி ஊசி போடும் நிலை இல்லாமல் போயிற்று. ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அதில் தெரியவில்லை என்றால் மாற்றம் இல்லை என்று அர்த்தமில்லை. வழக்கமான கீமோ கொடுத்தார்கள். ஏழு மாதம் இருந்தார்.

அந்த நாட்களில்தான் நான் கருவுற்றிருப்பதை மேடத்திடம் சொன்னேன். உடனே என்னைச் சைலீன் பக்கமே போகவிடாமல் பதிவேட்டு மேசைக்கு மாற்றினார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார்: "இப்ப உன் வயித்துலயும் அதே ஜீன் பேசிக்கிட்டிருக்கு, தெரியுமா? குழந்தைக்கு ரத்தக் குழாய் போட்டுக்கிட்டிருக்கு. வேலை முடிஞ்சதும் சமர்த்தா அடங்கிடும்." நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அக்காவின் ஸ்லைடில் நான் எண்ணியதுதான் எங்கள் ஆய்விலேயே அதிகம். அத்தனை நெருக்கமாக, அத்தனை தெளிவாக நிறம் பிடித்த ஸ்லைடு வேறில்லை. என் கைவேலையிலேயே சிறந்தது அது.

இப்போது என் மகள் இனியாவுக்கு மூன்றரை வயது. அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போக ஆட்டோ பார்த்தபோது, பள்ளியில் சொல்லி அனுப்பிய ஆட்டோக்காரர் வாசலில் வந்து நின்றார். ஏகாம்பரம் அண்ணன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. முகமூடியும் தொப்பியும் போட்ட என்னைத்தானே பார்த்திருக்கிறார்.

வேறு ஆட்டோ பார்க்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். ஏன் என்றார். சும்மாதான் என்று பேச்சை மாற்றினேன்; அவர் ஆட்டோவே நிலைத்தது. எட்டு மாதமாகிறது. தினமும் காலையில், "பாப்பா, ராணி சீட்டு காலியா இருக்குது, ஏறும்மா" என்று தூக்கி உட்கார வைக்கிறார். மழை நாளில் தன் துண்டால் அவள் காலைத் துடைத்துவிடுகிறார். ஒருநாள் இனியா இருமினாள். சளிதான். அவர் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"இனியாம்மா, எத்தினி நாளா இருமுது? வுடாதீங்க. எங்க வூட்ல அப்படித்தான் சளி சளின்னு வுட்டுட்டோம்."

அன்றுதான் அக்காவைப் பற்றிச் சொன்னார். லேபில் சதை போதாமல் போனது வரை சொன்னார். "யாரோ வேல கத்துக்கினு இருந்த பொண்ணு கை தவறிடுச்சு போல. அந்த டாக்டரம்மா பேர் சொல்லல. வூட்ல வந்து சொன்னா, இவ என்னா சொன்னா தெரியுமா? பாவம்யா, அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ திட்டு வுழுந்துதோன்னா. அவ இருந்த இருப்புல அத நினைக்கறா பாருங்க." சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். இனியா எனக்குக் கை காட்டிக்கொண்டே போனாள்.

எனக்கு ஒரு திட்டும் விழவில்லை. வேலை கற்றுக்கொண்டிருந்த பெண்ணும் இல்லை நான். ஆறு வருட அனுபவசாலி. அதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம் அவர் கேட்டதுதான் என்னை இதை எழுத வைத்தது. நான் லேபில் வேலை செய்தவள் என்று எங்கள் தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க பொண்ணு தேவி பிளஸ் டூ எழுதிக்கினு இருக்குது. லேப் படிப்புதான் படிப்பேன்னு நிக்குது. அவங்கம்மா ஆஸ்பத்திரி பைல தினம் எடுத்து வச்சிக்கினு, இது இன்னா, அது இன்னான்னு என்னிய கேக்குது. எனக்கு இன்னா தெரியும்? பரீட்ச முடிஞ்சதும் பைலோட இட்டுக்கினு வரேன். நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்கம்மா. புண்ணியமா போவும்."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வேன்? பிளாக் அனுப்பிய தாளின் நகல் அந்தப் பைலில் இருக்கும். அதில் என் பெயர் இருக்கும். அவருக்கு நான் இனியாம்மா மட்டும்தான். தேவி படித்த பெண், படித்துவிடுவாள். படிக்காவிட்டாலும், இது ஏன் திரும்பி வந்தது என்று விரலை வைத்துக் கேட்பாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் எழுத வேண்டியதும் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

தேர்வு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் மருத்துவமனையில் வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். நோயில் ஒருவரை இழந்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். அவள் வருவதற்கு முன்பே அண்ணனிடம் தனியாகச் சொல்லிவிடட்டுமா? அல்லது இருவரிடமும் சேர்த்தா? வீணானதில் ஒரு பங்கு, மருந்துக்கு உதவாத ஓர் ஆய்வுக்காக என்பதையும் சொல்ல வேண்டுமா? தாய் நினைவில் இந்தப் படிப்பைத் தேடும் பெண்ணுக்கு இது தெரியத்தான் வேண்டுமா? நான் சொல்ல நினைப்பது அவர்களுக்காகவா, என் நெஞ்சு லேசாவதற்காகவா என்றும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எது தோன்றுகிறதோ எழுதுங்கள். கடுமையாக இருந்தாலும் எழுதுங்கள். அவர் மன்னித்துவிடுவார் என்று மட்டும் எழுத வேண்டாம். சொன்ன மறுநாள் காலையிலும் அவர் வந்து என் மகளைத் தூக்கி உட்கார வைப்பார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.